மும்பையில் பிறந்து 200 ஆண்டுகளாக மிதக்கும் ‘ட்ரிங்கோமாலி’: ஒரு தேக்குப் போர்க்கப்பலின் பணி வரலாறு

இந்தியாவில் கட்டப்பட்டு 200 ஆண்டுகளைக் கடந்துவிட்ட பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் அமைந்துள்ள ஹார்ட்டில்பூல் துறைமுக நகரில் அருங்காட்சியகக் கப்பலாக நிறுத்தப்பட்டுள்ள அதன் பெயர் ‘எச்.எம்.எஸ். ட்ரிங்கோமாலி’. திருகோணமலை என்ற தமிழ்ப் பெயரின் ஆங்கில வடிவமே இது. மலபார் தேக்கினால் மும்பையில் உருவாக்கப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்ட இக்கப்பல், மிதக்கும் நிலையில் உள்ள பிரிட்டன் போர்க்கப்பல்களிலேயே மிகப் பழமையானது.

இதனினும் 52 ஆண்டுகள் மூத்ததான ‘எச்.எம்.எஸ். விக்டரி’ போர்ட்ஸ்மவுத் நகரின் உலர்துறையில், அதாவது நீர் வடிக்கப்பட்ட தளத்தில், நிலையாக நிறுத்தப்பட்டுள்ளது. எனவே மிதக்கும் கப்பல் என்ற பெருமை மும்பைக் கப்பலுக்கே உரியதாகிறது. உலக அளவில், 1797-இல் நீரில் இறக்கப்பட்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பேணப்படும் ‘யூ.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன்’ இதற்கு மூத்ததாகும்.

பெரும் கடற்போர் எதிலும் பங்கேற்காத ஒரு கப்பல் ஏன் காக்கப்பட்டது, அதே காலத்தில் புகழுடன் விளங்கிய ஏனைய மும்பைக் கப்பல்கள் ஏன் அழிந்தன, பேரரசின் கருவியாகப் பயன்பட்ட ஒரு கலத்தின் வரலாற்றை இன்று எவ்வாறு நோக்க வேண்டும் என்னும் வினாக்களை இக்கப்பலின் பணி வரலாறு எழுப்புகிறது.

திருகோணமலை என்ற பெயர் வந்தது எப்படி?

1782 செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு அப்பால் வங்கக் கடலில் பிரிட்டன், பிரான்ஸ் கடற்படைகளுக்கு இடையே நடைபெற்ற போரின் நினைவாகவே இக்கப்பலுக்குப் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரின் ஒரு கிளையாக, இரு ஐரோப்பிய வல்லரசுகளும் அப்போது தென்னிந்தியக் கடற்பரப்பில் மோதிக்கொண்டிருந்தன. பிரிட்டன் படைக்கு எட்வர்டு ஹியூஸும், பிரெஞ்சுப் படைக்கு சஃப்ரனும் தலைமை வகித்தனர்.

1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை இவ்விருவரும் ஐந்து முறை கடலில் எதிர்கொண்டனர். அவற்றுள் மூன்று, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் ஆகிய தமிழகக் கடற்கரை ஊர்களுக்கு அப்பால் நிகழ்ந்தவை. எஞ்சிய இரண்டும் இலங்கையின் கிழக்குக் கடலில் நிகழ்ந்தன. திருகோணமலைப் போரில் பிரிட்டன் தரப்பில் 12 பெரும் போர்க்கப்பல்களும் பிரெஞ்சுத் தரப்பில் 14 கப்பல்களும் களமிறங்கின. முடிவு எவருக்கும் தெளிவான வெற்றியாக அமையவில்லை.

பருவக்காற்றின் சீற்றத்திலிருந்து கப்பல்களைக் காக்கவல்ல ஆழமான இயற்கைத் துறைமுகம் என்பதால் திருகோணமலையைக் கைப்பற்ற ஐரோப்பிய நாடுகள் பெரிதும் போட்டியிட்டன. 1782-இன் தொடக்கத்தில் டச்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டன் அதனைக் கைப்பற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பறித்தனர். உடன்படிக்கையின் பின்னர் மீண்டும் டச்சுக்காரர்களிடம் சென்ற துறைமுகம், 1795-இல் பிரிட்டன் வசமானது. மும்பைக் கப்பலுக்குப் பெயர் சூட்டப்பட்ட காலத்தில் அது பிரிட்டன் கடற்படையின் முக்கியத் தளமாக இருந்தது.

மும்பையில் கட்டப்பட்டதன் காரணம் என்ன?

நெப்போலியன் போர்களின் காலத்தில் பிரிட்டன் கடற்படைக்குக் கப்பல்கள் பெருமளவில் தேவைப்பட்டன. ஆனால் கப்பல் கட்டுவதற்கு ஏற்ற முதிர்ந்த ஓக் மரங்கள் இங்கிலாந்தில் அருகிவிட்டன. அவசரத்தில், நன்கு உலராத மரங்களைக்கொண்டு கட்டப்பட்ட கப்பல்கள் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போயின. இந்நிலையில் பிரிட்டன் கடற்படைத் தலைமையகத்தின் பார்வை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு மரங்கள் மீது விழுந்தது.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உள்ளது. இதனால் நீரும் பூஞ்சையும் அதனுள் எளிதில் ஊடுருவுவதில்லை. ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பு அமிலம் அதில் அறையப்படும் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கில் இந்தக் குறை மிகக் குறைவு. வெப்பமண்டலக் கடல்களின் வெயிலையும் ஈரத்தையும் மாறி மாறித் தாங்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. மரத்தைத் துளைத்து வாழும் கப்பல் புழுக்களிடமிருந்து காப்பதற்காக, நீருக்குள் அமிழும் பகுதிக்குச் செப்புத் தகடுகள் வேயப்பட்டன. தேக்குப் பலகையும் செப்புக் கவசமும் சேர்ந்தபோது கப்பலின் ஆயுள் பன்மடங்கு நீண்டது.

மரம் மட்டும் இருந்தால் போதாது. அதனைக் கையாளும் திறனும் மும்பையில் இருந்தது. சூரத்திலிருந்து 1730-களில் மும்பைக்கு வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்னும் பார்சி தச்சரின் குடும்பத்தினர், தலைமுறை தலைமுறையாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தை நடத்திவந்தனர். மும்பையில் கடல் ஏற்றவற்ற வேறுபாடு அதிகம் என்பதால், ஏற்றத்தின்போது கப்பலை உள்ளே கொண்டுவந்து, வற்றத்தின்போது நீரை வடித்துவிடும் உலர்துறைகளை அமைப்பது எளிதாயிற்று. அக்காலத்தில் அமைக்கப்பட்ட டங்கன் உலர்துறை இன்றைய மும்பை கடற்படைக் கப்பல் தளத்தின் வளாகத்திற்குள் உள்ளது.

லவ்ஜியின் பெயரரான ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா தலைமைக் கப்பல் கட்டுநராக இருந்த காலத்தில், 1810-இல் ‘எச்.எம்.எஸ். மிண்டன்’ என்ற 74 பீரங்கிக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. பிரிட்டன் தீவுகளுக்கு வெளியே பிரிட்டன் கடற்படைக்காகக் கட்டப்பட்ட முதல் பெரும் போர்க்கப்பல் அதுவே. அதன் வெற்றியைத் தொடர்ந்து மேலும் பல ஆணைகள் மும்பைக்கு வந்தன. 1812 அக்டோபரில் ஆணையிடப்பட்ட ட்ரிங்கோமாலியும் அவற்றுள் ஒன்று.

கடலில் தொலைந்த வரைபடங்கள்

ட்ரிங்கோமாலி ‘ஃபிரிகேட்’ வகையைச் சேர்ந்தது. பெரும் போர்க்கப்பல்களில் இரண்டு அல்லது மூன்று தளங்களில் பீரங்கிகள் அணிவகுத்திருக்கும். ஃபிரிகேட்டில் முதன்மைப் பீரங்கித் தளம் ஒன்று மட்டுமே இருக்கும். எனவே எடை குறைவு, வேகம் அதிகம். எதிரியை வேவு பார்த்தல், வணிகக் கப்பல்களுக்குக் காவல் செல்லுதல், செய்தி கொண்டுசெல்லுதல், தொலைதூரக் கடல்களில் தனித்துச் சுற்றுக்காவல் புரிதல் ஆகியவை அதன் பணிகள். ட்ரிங்கோமாலியின் ‘லீடா’ வகை வடிவமைப்பே 1782-இல் பிரிட்டனிடம் சிக்கிய ‘ஹெபே’ என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து உருவாக்கப்பட்டதாகும். அவ்வாறு நோக்கினால், பிரெஞ்சு வடிவமும் மலபார் மரமும் பார்சி கட்டுமானமும் தமிழ் ஊர்ப்பெயரும் ஒருங்கே அமைந்த பிரிட்டன் கப்பல் இது.

கட்டுமானத்துக்குரிய வரைபடங்கள் ‘எச்.எம்.எஸ். ஜாவா’ என்ற கப்பலில் மும்பைக்கு அனுப்பப்பட்டன. அவை வந்து சேரவில்லை. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான ‘யூ.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன்’ ஜாவாவை வீழ்த்தியது. மீண்டும் ஒரு தொகுப்பு வரைபடங்கள் அனுப்பப்பட வேண்டியதாயிற்று. ட்ரிங்கோமாலியின் பிறப்பைத் தாமதப்படுத்திய அந்த அமெரிக்கக் கப்பலே இன்று மிதக்கும் போர்க்கப்பல்களில் அதற்கு மூத்ததாக விளங்குகிறது.

1816-இல் கட்டுமானம் தொடங்கியது. பார்சி ஜொராஸ்ட்ரிய மரபின்படி, கப்பலின் நலன் வேண்டி, எழுத்துப் பொறிக்கப்பட்ட வெள்ளி ஆணி ஒன்றை ஜம்ஷெட்ஜி வாடியா அதன் அடிக்கட்டையில் அறைந்தார். சுமார் 180 அடி நீளமும் 40 அடி அகலமும் கொண்ட கப்பலில் 46 பீரங்கிகளைப் பொருத்துவதற்கும் 300-க்கும் மேற்பட்டோர் பணிபுரிவதற்கும் இடம் வகுக்கப்பட்டது. கட்டுமானச் செலவு 23,000 பவுண்டுகள்.

தேவை மறைந்த பிறகு வந்த கப்பல்

1817-இல் கப்பல் நீரில் இறங்கியபோது அதனைக் கட்டுவதற்கான காரணமே மறைந்துவிட்டது. 1815-இல் வாட்டர்லூ போருடன் நெப்போலியன் வீழ்ந்தார். செயின்ட் ஹெலினா தீவில் சிறைவைக்கப்பட்டார்.

வரலாற்றின் விந்தையாக, ட்ரிங்கோமாலியின் முதல் பயணத்திலேயே அத்தீவு குறுக்கிட்டது. இங்கிலாந்து நோக்கிச் சென்ற வழியில் 1819 ஜனவரி 24 அன்று கப்பல் செயின்ட் ஹெலினாவை அடைந்தது. ஆறு நாள்கள் தங்கிப் புறப்பட்டபோது அதில் ஜான் ஸ்டோகோ என்ற கடற்படை அறுவை மருத்துவரும் இருந்தார். சில நாள்களுக்கு முன்னர் நெப்போலியனுக்கு மருத்துவம் பார்த்த அவர், கைதியின் கல்லீரல் பாதிக்கப்பட்டுள்ளதாகத் தெரிவித்திருந்தார. தீவின் தட்பவெப்பமே கைதியின் நோய்க்குக் காரணம் என்று பொருள்படக்கூடிய இம்முடிவு, தீவின் ஆளுநர் ஹட்சன் லோவுக்கு உவப்பாக இல்லை. பின்னர் ஸ்டோகோ படைத்துறை விசாரணைக்கு உள்ளாகிப் பணியை இழந்தார்.

1819 ஏப்ரல் 30 அன்று ட்ரிங்கோமாலி போர்ட்ஸ்மவுத்தை அடைந்தது. பயணத்துக்கு 6,600 பவுண்டுகளும், பின்னர் மேற்கொள்ளப்பட்ட பணிகளுக்கு 2,400 பவுண்டுகளும் செலவாயின. ஆக மொத்தம் 32,000 பவுண்டுகள் செலவழிக்கப்பட்ட கப்பலுக்கு அளிக்கப்பட்ட பணி, காத்திருப்பதுதான். அமைதிக் காலத்தில் இத்தனை கப்பல்களை இயக்க வேண்டிய தேவை கடற்படைக்கு இல்லை. எனவே அக்கால வழக்கப்படி, பாய்மரங்கள் கழற்றப்பட்டு, மழை நீர் புகாதவாறு கூரை வேயப்பட்டு, கப்பல் இருப்பில் வைக்கப்பட்டது. அந்நிலையில் கால் நூற்றாண்டு கழிந்தது.

இந்தக் காத்திருப்பே கப்பலைக் காத்தது எனலாம். போரின் சிதைவோ, புயல் கடல்களின் அலைக்கழிப்போ இன்றி அதன் தேக்கு உடல் உறுதி குலையாமல் இருந்தது.

பத்தாண்டுப் பணியில் என்ன செய்தது?

1845-இல் கப்பல் மீண்டும் நினைவுகூரப்பட்டது. அதன் பின்பகுதி மாற்றி அமைக்கப்பட்டது. 46 பீரங்கிகளுக்குப் பதிலாக, எண்ணிக்கையில் குறைந்தாலும் ஆற்றலில் மிகுந்த 26 பீரங்கிகள் பொருத்தப்பட்டன. கப்பலின் வகையும் ‘கார்வெட்’ என மாற்றப்பட்டது. நீரில் இறங்கி 30 ஆண்டுகள் கழித்து, 1847-இல், கேப்டன் ரிச்சர்டு லெயர்டு வாரன் தலைமையில் முதல் பணிக்குப் புறப்பட்டது.

வட அமெரிக்க, மேற்கிந்தியத் தீவுகள் பிரிவில் மூன்று ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில், ஹைட்டியில் ஏற்பட்ட கலவரத்தின்போதும், கியூபா மீது படையெடுப்பு நிகழக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோதும் கப்பல் அங்கு அனுப்பப்பட்டது. அடிமை வணிகத்தைத் தடுக்கும் சுற்றுக்காவலிலும் ஈடுபட்டது. 1849-இல் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கடற்பகுதிகளுக்குச் சென்றது. 1850-இல் தாயகம் திரும்பியது.

இரண்டாவது பணிக்காலம் 1852-இல் கேப்டன் வாலஸ் ஹூஸ்டன் தலைமையில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் நீடித்தது. இம்முறை அமெரிக்கக் கண்டங்களின் மேற்குக் கரையைக் காக்கும் பசிபிக் பிரிவில் கப்பல் இணைந்தது. 1854-இல் பெரிங் நீரிணைப் பகுதிக்குச் சென்று, அங்கு நிறுத்தப்பட்டிருந்த ‘எச்.எம்.எஸ். புளோவர்’ கப்பலுக்குப் பொருள்களை வழங்கியது. 1845-இல் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டு 129 பேருடன் மறைந்துபோன ஜான் ஃபிராங்ளின் குழுவைத் தேடும் முயற்சிக்கு உதவவே புளோவர் அனுப்பப்பட்டிருந்தது. வெப்பமண்டல மரத்தில் உருவான கப்பல், ஆர்க்டிக்கின் வாயில் வரை சென்று திரும்பியது. ரஷ்யாவுடனான கிரிமியப் போர் அப்போது நடைபெற்றுவந்தபோதிலும், பெரும் மோதல் எதிலும் அது ஈடுபட நேரவில்லை.

கவுச்சன் நிகழ்வு: மறக்கக் கூடாத பக்கம்

இக்கப்பலின் பணி வரலாற்றில், காட்சிப் பலகைகளின் பெருமிதத்துடன் பொருந்தாத பகுதி ஒன்றும் உண்டு. 1856-இல், இன்றைய கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் தீவு பிரிட்டனின் குடியேற்றமாக இருந்தது. அங்குள்ள கவுச்சன் பள்ளத்தாக்கில் தாமஸ் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக் குடியேறியை தத்லாசுத் என்ற பூர்வகுடி இளைஞர் சுட்டுக் காயப்படுத்தினார்.

ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ், ட்ரிங்கோமாலியில் சுமார் 400 பேர் கொண்ட படையுடன் கவுச்சன் மக்களின் பகுதிக்குச் சென்றார். படை பலத்தைக் கண்ட மக்களிடமிருந்து தத்லாசுத்தை ஒப்படைக்கச் செய்தார். அங்கேயே விசாரணை நடத்தப்பட்டு, அவருடைய மக்களின் கண்ணெதிரே அவர் தூக்கிலிடப்பட்டார். சுடப்பட்ட வில்லியம்ஸ் உயிர் பிழைத்துவிட்டார் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

பீரங்கி முழங்காமலேயே பேரரசு எவ்வாறு தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்டது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகிறது. போர்க்கப்பல் ஒன்று கரைக்கு அருகில் நங்கூரமிட்டு நிற்பதே போதுமான அச்சுறுத்தலாக இருந்தது. போரில் பங்கேற்காத கப்பல் என்று இதைக் கூறுவது உண்மைதான். ஆனால் அதன் வருகையால் எவரும் துன்புறவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ள இயலாது.

அப்பகுதியின் வரைபடத்தில் இந்தப் பணிக்காலத்தின் சுவடுகள் இன்றும் உள்ளன. கனடாவின் சால்ட் ஸ்பிரிங், கலியானோ தீவுகளுக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்புக்கு ‘ட்ரிங்கோமாலி கால்வாய்’ என்று பெயர். கேப்டனின் பெயரால் ஹூஸ்டன் நீர்வழியும் வாலஸ் தீவும் வழங்கப்படுகின்றன. திருகோணமலை என்ற ஊர்ப்பெயர், மும்பையில் கட்டப்பட்ட கப்பலொன்றின் வழியாகப் பசிபிக் கரையில் நிலைபெற்றது இவ்வாறுதான்.

மலபார் காடுகள் கொடுத்த விலை

கப்பல்களின் வரலாறு காடுகளின் வரலாறும் ஆகும். ஒரு ஃபிரிகேட்டைக் கட்டுவதற்கே நூற்றுக்கணக்கான முதிர்ந்த மரங்கள் வேண்டும். வளைந்த விலாப் பகுதிகளுக்கு இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். மலபாரில் வெட்டப்பட்ட தேக்கு, ஆறுகளில் மிதக்கவிடப்பட்டுக் கடற்கரைக்கும், அங்கிருந்து கடல்வழியாக மும்பைக்கும் கொண்டுசெல்லப்பட்டது.

கடற்படையின் தேவைக்காகத் தேக்கை உறுதிசெய்யும் நோக்குடன், 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவர் மலபாரின் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். இந்தியாவில் இத்தகைய பதவிக்கு நியமிக்கப்பட்ட முதல் அதிகாரி அவரே. பதவியின் பெயரில் ‘காப்பு’ இருந்தாலும், நடைமுறையில் தேக்கின் மீது கம்பெனியின் ஏகபோக உரிமையை நிலைநாட்டுவதே அவரது பணியாக அமைந்தது. தமக்குரிய காடுகளிலும் தேக்கை வெட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டதால் நில உடைமையாளர்களும் மர வணிகர்களும் கடும் அதிருப்தி அடைந்தனர். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. மக்களின் எதிர்ப்பைக் கருத்தில்கொண்டு, மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் காலத்தில், 1823-இல், அப்பதவி ஒழிக்கப்பட்டது.

அதற்குள் எளிதில் எட்டக்கூடிய இடங்களில் இருந்த முதிர்ந்த தேக்கு பெரிதும் அழிந்துவிட்டது. 1840-களில் மலபார் ஆட்சியர் எச்.வி.கானலி, நிலம்பூரில் தேக்கு மரங்களை நட்டு வளர்க்கும் முயற்சியைத் தொடங்கினார். சாத்து மேனன் என்ற அதிகாரி அப்பணியை முன்னின்று நடத்தினார். உலகின் பழமையான தேக்குத் தோட்டமாகக் கருதப்படும் அதன் ஒரு பகுதி இன்றைய கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பாதுகாக்கப்படுகிறது. ட்ரிங்கோமாலி தனது முதல் பணிக்குப் புறப்பட்ட அதே காலகட்டத்தில், அத்தகைய கப்பல்கள் தீர்த்துவிட்ட காடுகளை மீண்டும் உருவாக்கும் பணி நிலம்பூரில் நடைபெற்றுக்கொண்டிருந்தது.

பயிற்சிக் கப்பலாக ஒரு நூற்றாண்டு

1857-இல் ட்ரிங்கோமாலி இங்கிலாந்து திரும்பியபோது, கடற்படைகளின் உலகம் மாறிவிட்டிருந்தது. நீராவி இயந்திரங்கள் பாய்களின் இடத்தைப் பிடித்தன. சில ஆண்டுகளிலேயே இரும்புக் கவசக் கப்பல்களும் வந்தன. மரத்தாலான பாய்மரக் கப்பல் போருக்கு உதவாது என்ற நிலை ஏற்பட்டது.

மாற்றத்தை வாடியா குடும்பமும் உணர்ந்திருந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த அர்தசீர் குர்செட்ஜி வாடியா நீராவி இயந்திரத் துறையில் தேர்ச்சி பெற்று, 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் ஆனார்.

ட்ரிங்கோமாலிக்குப் புதிய பணி ஒன்று கிடைத்தது. 1860-களில் தொடங்கி, சண்டர்லாந்து, ஹார்ட்டில்பூல், பின்னர் சவுத்தாம்ப்டன் பகுதிகளில் கடற்படைத் துணைப் படையினருக்குப் பயிற்சியளிக்கும் தளமாக அது விளங்கியது. 1895-இல் மீண்டும் இருப்பில் வைக்கப்பட்டு, 1897 மே 19 அன்று உடைப்பதற்காக விற்கப்பட்டது.

கப்பலின் வாழ்வு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதமே, நெல்சன் பயன்படுத்திய ‘ஃபூட்ராயன்ட்’ என்ற பழைய கப்பல் பிளாக்பூல் கடற்கரையில் புயலில் சிக்கிச் சிதைந்தது. அதன் உரிமையாளரான தொழிலதிபர் ஜார்ஜ் வீட்லி காப், இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளிக்க அதற்கு மாற்றாக ஒரு கப்பலைத் தேடி, உடைபடக் காத்திருந்த ட்ரிங்கோமாலியை வாங்கினார். தாம் இழந்த கப்பலின் பெயரையே அதற்கும் சூட்டினார். இதனால் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மும்பைக் கப்பல் ‘ஃபூட்ராயன்ட்’ என்றே அறியப்பட்டது. முதலில் ஃபால்மவுத்திலும் பின்னர் போர்ட்ஸ்மவுத்திலும் நின்று, 1986 வரை பல தலைமுறை இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தது.

உடன் இருந்த கப்பல்கள் என்னவாயின?

மும்பையில் கட்டப்பட்ட ஏனைய போர்க்கப்பல்களின் வாழ்வு இதனினும் பரபரப்பானது. 1813-இல் நீரில் இறங்கிய ‘கார்ன்வாலிஸ்’ கப்பலில்தான், முதல் அபினிப் போரை முடித்துவைத்த நான்ஜிங் உடன்படிக்கை 1842 ஆகஸ்ட் 29 அன்று கையெழுத்தானது. ஹாங்காங் தீவை பிரிட்டனுக்கு அளித்த உடன்படிக்கை அது. 1824-இல் கட்டப்பட்ட ‘ஏசியா’, 1827 அக்டோபர் 20 அன்று நடைபெற்ற நவரினோ போரில் பிரிட்டன் தளபதி காட்ரிங்டனின் தலைமைக் கப்பலாக விளங்கியது. கிரேக்க விடுதலைக்கு வழிவகுத்த அப்போரே, முழுவதும் பாய்மரக் கப்பல்களால் நடத்தப்பட்ட கடைசிப் பெரும் கடற்போராகக் கருதப்படுகிறது.

1815-இல் கட்டப்பட்ட ‘வெல்லெஸ்லி’, 1839-இல் கராச்சியை பிரிட்டன் கைப்பற்றியபோது அங்கிருந்த மனோரா கோட்டையின் மீது குண்டுமழை பொழிந்தது. முதுமையில் பயிற்சிக் கப்பலாகத் தேம்ஸ் ஆற்றில் நின்றுகொண்டிருந்த அது, இரண்டாம் உலகப் போரின்போது, 1940 செப்டம்பரில், ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் சேதமுற்று மூழ்கியது.

எஞ்சியவை ஒவ்வொன்றாக விற்கப்பட்டு உடைக்கப்பட்டன. ட்ரிங்கோமாலியுடன் நீண்டகாலம் பயிற்சிப் பணியில் இணைந்திருந்த ‘இம்ப்ளேகபிள்’ என்ற முன்னாள் பிரெஞ்சுக் கப்பலுக்கும் துயர முடிவே நேர்ந்தது. டிராஃபல்கர் போரில் பங்கேற்ற அக்கப்பலைப் பழுதுபார்க்க நிதி இல்லை எனக் கூறி, 1949 டிசம்பர் 2 அன்று பிரிட்டன் கடற்படையே அதனைக் கடலில் மூழ்கடித்தது. அந்நிகழ்வுக்கு எழுந்த எதிர்ப்பு, பழைய கப்பல்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற உணர்வை பிரிட்டனில் வலுப்படுத்தியது.

மீட்பும் பராமரிப்பும்

1987-இல் கப்பல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் பயிற்சிக் கப்பலாக நின்ற அதே ஊருக்கு அது திரும்பியது. அங்குக் கப்பல் கட்டும் தொழில் நலிந்து வேலையிழப்பு மிகுந்திருந்த காலம் அது. பழைய தொழில்நுட்பங்களைக் கற்று மரமும் வடமும் கையாளும் வாய்ப்பை இந்த மீட்புப் பணி உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு வழங்கியது. 1992-இல் கப்பலுக்கு மீண்டும் ட்ரிங்கோமாலி என்ற பெயர் சூட்டப்பட்டது. 1 கோடி பவுண்டுகளுக்கும் அதிகமான செலவில் நடைபெற்ற சீரமைப்பு 2001-இல் நிறைவடைந்தது. தற்போது பிரிட்டனின் தேசிய கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் கப்பல் உள்ளது. தலைப்பாகை அணிந்த மனிதரின் சிற்பம் அதன் முகப்பை அணி செய்கிறது.

மரக் கப்பலைப் பொறுத்தவரை சீரமைப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் பணி ஆகாது. மேல்தளத்தில் தேங்கும் மழைநீர், நன்னீரில் வளரும் பூஞ்சை, தன் எடையாலேயே கப்பலின் இரு முனைகளும் தாழ்ந்து நடுப்பகுதி உயரும் போக்கு ஆகியவற்றை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும். பலகைகளின் இடுக்குகளைப் பஞ்சும் கீலும் இட்டு அடைக்கும் வேலை ஒருபோதும் முடிவதில்லை.

இந்தியாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

மும்பைத் தளத்தில் உருவான பெரும் பாய்மரப் போர்க்கப்பல்களில் இன்று மிதப்பது இது ஒன்றே. அதைக் காண விரும்பும் இந்தியர் இங்கிலாந்து செல்ல வேண்டும். கட்டியவர்களின் தலைவரான ஜம்ஷெட்ஜி வாடியாவின் பெயர் வரலாற்றில் நிலைத்துள்ளது. ஆனால் மலபாரில் மரம் வெட்டியவர்கள், யானைகளைக்கொண்டு அதனை ஆற்றுக்கு இழுத்துச் சென்றவர்கள், மும்பையில் வாய்ச்சியும் உளியும் ஏந்திப் பலகைகளை இழைத்த தச்சர்கள் ஆகியோரின் பெயர்கள் பொது நினைவில் இடம்பெறவில்லை.

அவர்களது திறன் அவர்களை ஆண்ட பேரரசின் வலிமையாக மாறியது. சீனாவில் அபினிப் போரை முடித்துவைத்த கப்பலும், கராச்சியைத் தாக்கிய கப்பலும், கவுச்சன் மக்களை அச்சுறுத்திய கப்பலும் ஒரே தளத்தில், ஒரே குடும்பத்தின் மேற்பார்வையில் கட்டப்பட்டவை. கட்டியவர்களின் கைத்திறனைப் போற்றுவதும், கப்பல்கள் எதற்குப் பயன்பட்டன என்பதை மறவாதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதே வரலாறு முழுமை பெறும்.

நெப்போலியனுடன் போரிடுவதற்காக ஆணையிடப்பட்டு, அவரது வீழ்ச்சிக்குப் பின் பிறந்து, 30 ஆண்டுகள் காத்திருந்து, 10 ஆண்டுகள் மட்டுமே கடற்பணி ஆற்றிய கப்பல், தன் காலத்துப் போர்க்கப்பல்களில் பெரும்பாலானவை மறைந்த பின்னரும் எஞ்சியுள்ளது. 1816-இல் அடிக்கட்டை நாட்டப்பட்டபோது தேர்ந்தெடுக்கப்பட்ட மலபார் தேக்கின் ஒரு பகுதி, வட கடலின் குளிர்ந்த நீரில் இன்றும் உறுதியுடன் அதனைத் தாங்கி நிற்கிறது.